பழுப்புக் குறுமீன்களின் நிறையும் குளிர்ச்சியும்: ஓர் அளவீட்டு வரலாறு

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வானியலார் கண்டறிந்த பொருள்களுள் பழுப்புக் குறுமீன் தனித்த இயல்புடையது. அது கோளும் அன்று. முழுமையான விண்மீனும் அன்று. தன் மையத்தில் ஹைட்ரஜனை நிலையாக எரித்து ஒளிதரும் அளவிற்கு அதற்கு நிறை இல்லை. ஆதலின், பிறந்தபொழுது பெற்ற வெப்பத்தைச் சிறிது சிறிதாக இழந்து, காலமெல்லாம் குளிர்ந்துகொண்டே செல்வது அதன் இயற்கை. இத்தகைய பொருள் எவ்வளவு காலத்தில் எவ்வளவு குளிரும் என்பதற்கான கோட்பாட்டின் அடிப்படை 1963ஆம் ஆண்டிலேயே இடப்பட்டுவிட்டது. அக்கோட்பாட்டைச் சோதிப்பதற்குத் தேவையான நிறையளவீடுகளோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்தே கிடைக்கத் தொடங்கின. கோட்பாடு முந்தவும் அளவீடு பிந்தவும் நேர்ந்த இவ்வரலாற்றையும், அவ்விரண்டும் முரண்பட்ட இடங்களில் ஆய்வாளர்கள் எதனை ஐயுற்றார்கள் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இந்தியவியல் துறையின் ஆய்விதழில் இப்பொருள் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பங்களில் இந்திய வழிவந்த அறிஞர் சிலர் பங்குகொண்டுள்ளனர் என்பது ஒரு காரணம். அதனினும் முதன்மையான காரணம் ஆய்வுமுறை பற்றியது. எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதும், அவ்வாறு காலம் கணிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் கொண்டே எழுத்தமைதியின் வளர்ச்சியை வகுப்பதும் ஒன்றையொன்று சார்ந்த வட்டமாகிவிடும் என்பதை நம் துறையினர் நன்கறிவர். ஆட்சியாண்டோ, சக ஆண்டோ, வேறொரு புறச்சான்றோ குறுக்கிட்டாலன்றி அவ்வட்டம் உடைவதில்லை. பழுப்புக் குறுமீன் ஆய்வும் இத்தகைய வட்டத்துள்ளேயே நெடுங்காலம் சுழன்றது. அதனை உடைத்த புறச்சான்று நிறையே ஆகும்.

கோட்பாட்டின் தோற்றம்

வளிமுகில் ஒன்று தன் ஈர்ப்பினால் சுருங்கும்பொழுது வெப்பமடைகிறது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட செய்தி. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சும் பிரித்தானிய அறிஞர் கெல்வினும் கதிரவனின் ஒளிக்கு இச்சுருக்கமே காரணம் என்று கருதினர். அணுக்கரு இணைவு பற்றிய அறிவு அப்பொழுது இல்லாமையால், அவர்கள் கதிரவனுக்குக் கணித்த வயது மிகக் குறைவாக அமைந்தது. கெல்வின் 1862இல் பூமியின் குளிர்ச்சியைக் கொண்டு அதன் வயதைக் கணக்கிட முயன்றதும், பின்னர் அக்கணக்குப் பிழையாகிப்போனதும் அறிவியல் வரலாறு பயில்வோர் அனைவரும் அறிந்தவை. குளிர்ச்சியைக் கடிகாரமாகக் கொள்வோர்க்கு அது முதல் எச்சரிக்கை எனலாம்.

சுருங்கும் முகிலின் நடுவெப்பம் உரிய அளவை எட்டினால் ஹைட்ரஜன் எரியத் தொடங்கும், சுருக்கம் நின்றுவிடும், விண்மீன் பிறக்கும். அவ்வளவை எட்டுமுன்னரே வேறொன்று சுருக்கத்தைத் தடுத்துவிட்டால் என்னாகும்? இவ்வினாவை முறையாக எழுப்பி விடைகண்டவர் இந்திய வழிவந்த வானியலாரும், பின்னர் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவருமான சிவ் குமார் ஆவார். மிக நெருங்கி அடைக்கப்பட்ட எலெக்ட்ரான்கள், வெப்பம் இல்லாத நிலையிலும், மேலும் நெருங்க மறுத்து எதிரழுத்தம் தரும் என்பது குவாண்டம் இயற்பியலின் முடிபு. இவ்வழுத்தமே வெண்குறுமீன்களைத் தாங்கி நிற்கிறது என்று 1926இல் இங்கிலாந்தின் ஃபவுலர் காட்டினார். அவ்வழியைப் பின்பற்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் கேம்பிரிட்ஜ் சென்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறுமீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டென நிறுவினார். குமார் அதே அழுத்தத்தை மறுமுனையில், அதாவது மிகக் குறைந்த நிறையுடைய பொருள்களில் பொருத்திப் பார்த்தார்.

1963ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய இரு கட்டுரைகள் இத்துறையின் மூல ஆவணங்களாகும். கதிரவனைப் போன்ற சேர்க்கையுடைய பொருளாயின் அதன் நிறை கதிரவனின் நிறையில் 0.07 பங்கிற்குக் குறைந்தால் அது விண்மீனாகாது. கன உலோகங்கள் குன்றிய பழந்தலைமுறைப் பொருளாயின் 0.09 பங்கு வேண்டும் என்பது முதற் கட்டுரையின் முடிபு. இரண்டாம் கட்டுரை, அத்தகைய பொருள் சுருங்குவதற்கு ஆகும் காலத்தைக் கணித்தது. ஆக, நிறைவரம்பும் காலக்கணக்கும் தொடக்கத்திலேயே இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. அதே ஆண்டில் ஜப்பானின் ஹயாஷியும் நகானோவும் தனித்து ஆராய்ந்து 0.08 பங்கு என்னும் வரம்பிற்கு வந்தனர். மின்கணினி தொடக்க நிலையில் இருந்த காலத்தில், கண்ணால் ஒன்றையேனும் காணாமல் செய்யப்பட்ட இக்கணக்குகள், இன்றைய மதிப்புகளுக்கு வியக்கத்தக்க அளவு அண்மையில் உள்ளன.

குமார் இவற்றைக் 'கருங்குறுமீன்' என்றார். முற்றிலும் குளிர்ந்த வெண்குறுமீனுக்கும் அப்பெயர் வழங்கியமையால் குழப்பம் நேர்ந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1975இல் முனைவர் ஆய்வை முடித்த ஜில் டார்ட்டர் 'பழுப்புக் குறுமீன்' என்னும் பெயரை முன்மொழிந்தார். நிறமாலையில் பழுப்பு என்றொரு நிறமே இல்லை. பொருளின் உண்மை நிறம் தெரியாத நிலையில் நிறமல்லாத ஒரு நிறத்தைப் பெயராக்கிய நயம் அதில் உண்டு. மாணவர்க்குக் கற்பிப்போர் இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டு விளக்காதிருப்பது நன்று. 'தோற்றுப்போன விண்மீன்' என்னும் வழக்கும் நமக்கு உடன்பாடன்று. அது, விண்மீனாவதே எல்லாப் பொருளின் குறிக்கோள் என்பதுபோல் பேசுகிறது. குளிர்தல் என்னும் இப்பொருளின் தனி வரலாற்றை மறைத்துவிடுகிறது.

ஒளியும் நிறையும் வயதும்

பழுப்புக் குறுமீனின் அளவு ஏறத்தாழ வியாழனின் அளவே. நிறை பலமடங்கு கூடினும் ஆரம் பெரிதும் மாறுவதில்லை. எனவே இதன் ஒளிர்வைத் தீர்மானிப்பவை நிறையும் வயதுமே. கோட்பாட்டின் எளிய வடிவம் இது: குறிப்பிட்ட வயதில் ஒளிர்வானது நிறையின் 2.6 அடுக்கிற்கேற்ப மிகுகிறது. குறிப்பிட்ட நிறைக்கு, காலத்தின் 1.3 அடுக்கிற்கேற்பக் குறைகிறது. நிறை இரட்டிப்பானால் ஒளிர்வு ஏறத்தாழ ஆறு மடங்காகும். வயது இரட்டிப்பானால் ஒளிர்வு ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறையும். வளிமண்டலத்தின் ஒளிமறைக்கும் தன்மை, முகில்கள், சேர்க்கை ஆகியன இக்கணக்கைச் சற்றே மாற்றும். எனினும் அடிப்படை இதுவே.

இங்கேதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தொலைநோக்கியில் தெரிவது ஒளிர்வு மட்டுமே. இளமையும் குறைநிறையும் உடைய பொருளும், முதுமையும் மிகுநிறையும் உடைய பொருளும் ஒரே ஒளிர்வைக் காட்டக்கூடும். சாதாரண விண்மீனுக்கு இச்சிக்கல் இல்லை; அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஒரே ஒளிர்வில் நிற்பதால் ஒளியே நிறையைச் சொல்லிவிடும். பழுப்புக் குறுமீனுக்கோ வயதைத் தெரிந்துகொண்டால்தான் நிறையைச் சொல்லலாம். நிறையைத் தெரிந்துகொண்டால்தான் வயதைச் சொல்லலாம். இவ்விரண்டையும் கோட்பாட்டின் துணைகொண்டே பெற்றுவிட்டு, அவற்றால் கோட்பாடு மெய்ப்பிக்கப்பட்டது என்று கூறுதல் இயலாது.

1980களின் தேடல்கள் இக்காரணத்தினாலும் கருவிகளின் குறைபாட்டினாலும் பல ஏமாற்றங்களில் முடிந்தன. வி.பி. 8 என்னும் விண்மீனுக்குத் துணையாக ஒரு பழுப்புக் குறுமீன் கண்டறியப்பட்டதாக 1985இல் வெளியான செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அடுத்து நோக்கியவர்கள் அங்கு ஒன்றையும் காணவில்லை. 1989இல் எச்.டி. 114762 என்னும் விண்மீனைச் சுற்றி வியாழனைப்போல் 11 மடங்கேனும் நிறையுடைய பொருள் ஒன்று உண்டென அறிவிக்கப்பட்டது. இங்கு 'ஏனும்' என்னும் இடைச்சொல் முதன்மையானது. விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசைவதை மட்டும் அளந்தால் கிடைப்பது கீழ்வரம்பு மட்டுமே. சுற்றுப்பாதை நம் பார்வைக்கு எவ்வாறு சாய்ந்துள்ளது என்பது தெரியாது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் கையா விண்கலத்தின் தரவுகள் வந்தபொழுது, அப்பாதை நமக்கு ஏறத்தாழ முகம்காட்டிக் கிடக்கிறது என்றும், அப்பொருள் ஒரு சிறிய விண்மீனே என்றும் தெரியவந்தது.

1992இல் ஸ்பெயினைச் சேர்ந்த ரெபோலோவும் உடன் ஆய்வாளரும் லித்தியச் சோதனையை முன்வைத்தனர். விண்மீனின் வெப்பத்தில் லித்தியம் அழிந்துவிடும். நிறை ஏறத்தாழ 60 வியாழனுக்குக் குறைந்தால் அழியாது எஞ்சும். 1995இல் கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் அக்குழுவினர் கண்ட தெய்தே 1 என்னும் பொருளும், அமெரிக்கரான பஸ்ரியும் பிறரும் லித்தியம் கண்ட பி.பி.எல். 15 என்னும் பொருளும் பழுப்புக் குறுமீன்களாக ஏற்கப்பட்டன. கூட்டத்தின் வயது தெரிந்திருந்தமையால் வட்டத்தின் ஒரு பக்கம் திறந்தது. பி.பி.எல். 15 உண்மையில் ஏறத்தாழ ஆறு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்கள் என்பது 1999இல் தெரிந்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

ஈர்ப்பே துலாக்கோல்

ஒளியைச் சாராமல் நிறையை அறிவதற்கு இரட்டைப் பொருள்களே வழி. இரு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்பொழுது, அவற்றின் இடைத்தொலைவின் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் மொத்த நிறை கிடைக்கும். தொலைவை வானியல் அலகிலும் காலத்தை ஆண்டிலும் கொண்டால் விடை கதிரவனின் நிறையை அலகாகக் கொண்டு வரும். கெப்ளரின் மூன்றாம் விதியின் இவ்வடிவத்தை உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்து பார்க்கலாம். கணக்கு எளிது, உள்ளீட்டைப் பெறுவதே கடினம். தொலைவில் ஒரு விழுக்காடு பிழை நேர்ந்தால் நிறையில் மூன்று விழுக்காடு பிழை புகுந்துவிடும். பூமியின் வளிமண்டலம் உருவத்தைக் கலங்கச் செய்வதால், கலக்கத்தை நொடிக்கு நொடி திருத்தும் தகவமைவு ஒளியியல் வரும்வரை, இவ்வளவு நெருங்கிய இரட்டைகளைப் பிரித்துக் காண்பதே அரிதாயிருந்தது. சுற்றுக்காலம் பத்தாண்டாயின் பத்தாண்டு காத்திருக்கவும் வேண்டும்.

கிளீஸ் 569 என்னும் விண்மீனின் துணையாக 1988இல் அறியப்பட்ட பொருள் 2000இல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுச் சுற்றுக்காலம் கொண்ட அவ்விரட்டையின் மொத்த நிறை அடுத்த ஆண்டே கணிக்கப்பட்டது. அதன்பின் அளவீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. அவற்றுள் இரண்டு கோட்பாட்டினரைத் துணுக்குறச் செய்தவை.

முதலாவது ஓரியன் நெபுலாவில் உள்ளது. அங்கு ஒன்றையொன்று மறைக்கும் பழுப்புக் குறுமீன் இரட்டை ஒன்றை ஸ்டாசனும் உடன் ஆய்வாளரும் 2006இல் அறிவித்தனர். ஏறத்தாழ பத்து நாளில் ஒரு சுற்றை முடிக்கும் இவ்விரண்டின் நிறைகள் முறையே கதிரவனின் 0.054, 0.034 பங்குகள். மறைப்பினால் ஆரமும் வெப்பநிலை விகிதமும்கூடக் கிடைத்தன. கோட்பாட்டின்படி நிறைமிக்கது வெப்பமிக்கதாக இருத்தல் வேண்டும். கண்டதோ நேர்மாறு: நிறைமிக்கதே குளிர்ந்திருந்தது. அதன் வலிய காந்தப்புலம் உள்வெப்பம் மேலெழுவதைத் தடுத்து, மேற்பரப்பைக் குளிர்வித்து, ஆரத்தைப் பெருக்கியிருக்கலாம் என்னும் விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

இரண்டாவது எச்.டி. 130948 என்னும் கதிரவன் போன்ற விண்மீனைச் சார்ந்த இரட்டை. டுபுய், லியு, அயர்லாந்து ஆகியோர் 2009இல் இவ்விரட்டையின் மொத்த நிறை கதிரவனின் 0.109 பங்கு என அளந்தனர். இங்குத் தாய் விண்மீனின் சுழற்சி வேகத்தைக் கொண்டு வயதையும், ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் என, தனித்து மதிப்பிட முடிந்தது. நிறை, வயது, ஒளிர்வு மூன்றும் தனித்தனியே கிடைத்த அரிய நேர்வு இது. அவ்வயதில் அந்நிறைக்குக் கோட்பாடு சொன்ன ஒளிர்வைக் காட்டிலும் அவை இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக ஒளிர்ந்தன. கோட்பாடு பிழையா, வயது பிழையா? விண்மீனின் சுழற்சி கொண்டு வயது கணிக்கும் முறையே பிறிதொரு வாய்பாட்டைச் சார்ந்தது. மூன்று கால்களுள் மெலிந்த கால் வயதே என்பது நம் கருத்து. நிறையை ஒரு விழுக்காடு நுட்பத்திற்கு அளந்த பின்னரும், தனித்த விண்மீனொன்றின் வயதை அந்நுட்பத்தோடு சொல்ல வல்லவர் அரியர்.

டுபுயும் லியுவும் பத்தாண்டு உழைப்பின் பயனாக 31 இரட்டைகளின் நிறைகளை 2017இல் தொகுத்து வெளியிட்டனர். விண்மீனுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 70 வியாழன் நிறையில் அமைவதாக அவர்கள் கண்டனர். கதிரவனின் நிறை வியாழனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1047 மடங்கு. ஆகவே குமாரின் 0.07 பங்கு என்பது 73 வியாழன் ஆகும். ஐம்பத்துநான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் கிடைத்த இவ்வொற்றுமை பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அளவீடு என்றாலே ஐயத்திற்கு அப்பாற்பட்டது என்று எண்ணிவிடலாகாது. 11.9 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எப்சிலான் இண்டி விண்மீனின் துணை 2003இல் அறியப்பட்டது. ஓராண்டுக்குள் அதுவும் இரண்டெனத் தெரிந்தது. 2018இல் ஒரு குழுவினர் அவற்றின் நிறைகளை 75, 70 வியாழன் என்றனர். அது சரியாயின், எரியாமல் குளிரும் பொருளின் நிறைவரம்பையே உயர்த்த வேண்டியிருந்திருக்கும். 2022இல் வேறொரு குழுவினர் நீண்டகால நோக்குகளை மீளாய்ந்து 66.9, 53.3 வியாழன் என்றனர். இப்புதிய மதிப்புகள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டு வயதிற்குக் கோட்பாட்டோடு நன்கு பொருந்துகின்றன. ஒரே பொருள்கள், ஒரே விதி, நான்கே ஆண்டு இடைவெளி. இரு தொகுதிகளிலும் கொடுக்கப்பட்ட பிழைவரம்பு ஒரு வியாழனுக்கும் குறைவு என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அச்சிட்ட பிழைவரம்பை மட்டும் நம்பி ஒரு கோட்பாட்டைக் கைவிட முற்படுவோர்க்கு இந்நிகழ்வு நல்லதொரு பாடம்.

கிளீஸ் 229 பி: முதற்பொருளின் முரண்பாடு

இவ்வரலாற்றின் நடுநாயகமாக நாம் கருதுவது கிளீஸ் 229 பி ஆகும். முயல் விண்மீன் குழுவில் ஏறத்தாழ 19 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள செங்குறுமீன் ஒன்றின் துணை அது. நகாஜிமா, ஓப்பன்ஹைமர், மராட்டியத்தில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி முதலானோர் கலிபோர்னியாவின் பலோமர் மலையிலுள்ள 60 அங்குலத் தொலைநோக்கியில், தாய் விண்மீனின் ஒளியை மறைக்கும் கருவியைப் பொருத்தி 1994இல் இதனைக் கண்டனர். ஓராண்டுக் காலம் காத்திருந்து, இரண்டும் வானில் சேர்ந்தே நகர்கின்றன என்பதை உறுதிசெய்த பின்னரே 1995 அக்டோபரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் அறிவித்தனர். வி.பி. 8இன் கதை அவர்கள் நினைவில் இருந்திருத்தல் வேண்டும். கதிரவன் போன்றதொரு விண்மீனைச் சுற்றும் முதற் கோளை மேயர் அறிவித்ததும் அதே மாநாட்டில்தான்.

இதன் நிறமாலையில் மீத்தேன் தென்பட்டது. விண்மீனின் வெப்பத்தில் மீத்தேன் நிலைத்திருக்க இயலாது. வியாழனில்தான் அது காணப்படும். எனவே இது விண்மீன் அன்று என்பதில் எவர்க்கும் ஐயம் எழவில்லை. நிறை எவ்வளவு என்னும் வினாவிற்குத்தான் தெளிவான விடை இல்லை. ஒளிர்வைக் குளிர்ச்சிக் கோட்பாட்டில் இட்டு, 20 முதல் 55 வியாழன் வரை பலவாறாக மதிப்பிட்டனர். தாய் விண்மீனைச் சுற்றி வர இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், முழுச் சுற்றையும் கண்டு நிறை அறிவது எந்த ஆய்வாளரின் வாழ்நாளிலும் நடவாதது.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹிப்பார்க்கஸ் விண்கலம் 1989 முதல் 1993 வரை விண்மீன்களின் இடங்களை அளந்தது. அதன் வழித்தோன்றலான கையா 2014 முதல் 2025 தொடக்கம் வரை அதே பணியைப் பன்மடங்கு நுட்பமாகச் செய்தது. இரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டு. துணையின் ஈர்ப்பு இழுப்பதனால் தாய் விண்மீனின் நகர்வு அவ்விடைவெளியில் சற்றே திசையும் வேகமும் மாறியிருக்கும். அம்மாற்றத்தையும், துணையின் இடமாற்றத்தையும், விண்மீனின் ஆரைத் திசைவேகத்தையும் ஒருங்குவைத்தால், முழுச் சுற்றைக் காணாமலேயே நிறையைப் பெறலாம். பழைய பதிவொன்று, அதனைப் பதிந்தவர்கள் எண்ணாத பயனைத் தருவது நம் துறையில் புதிதன்று.

பிராண்ட் தலைமையிலான குழுவினர் 2020இல் இம்முறையால் பெற்ற விடை 70 வியாழன், பிழைவரம்பு 5. கையாவின் மேம்பட்ட தரவுகளைக் கொண்டு 2021இல் அது 71.4 எனவும், பிழைவரம்பு 0.6 எனவும் திருத்தம் பெற்றது. எதிர்பார்த்ததைக் காட்டிலும் இது மிக மிகுதி. இவ்வளவு நிறை இருப்பின் கோட்பாட்டின்படி அது இன்னும் வெகுவாக ஒளிர்தல் வேண்டும். இன்றைய மங்கிய நிலைக்குக் குளிர 700 முதல் 1000 கோடி ஆண்டுகள் தேவை. தாய் விண்மீனின் செயற்பாட்டைக் கொண்டு மதிப்பிட்ட வயதோ ஏறத்தாழ 260 கோடி ஆண்டுகளே. எச்.டி. 130948இன் இரட்டை மிகுதியாக ஒளிர்ந்து வியப்பளித்தது. இதுவோ குறைவாக ஒளிர்ந்து வியப்பளித்தது. ஒன்றைத் திருத்த வெப்பக் கசிவைக் குறைத்தால் மற்றொன்று மேலும் பிழைக்கும். ஆக, கோட்பாட்டினர் இருதலைக் கொள்ளி எறும்பாயினர்.

நான்கு வழிகள் இருந்தன. அளவீடு பிழை எனலாம். இரு தரவுத் தொகுதிகள் ஒன்றையொன்று தாங்கியமையால் அது எளிதன்று. தாய் விண்மீன் மிக முதியது எனலாம். அதன் சுறுசுறுப்பு அதற்கு இடந்தரவில்லை. கோட்பாடு பிழை எனலாம். அவ்வாறாயின் அதே கோட்பாடு பொருந்திவந்த பிற பொருள்களை என் செய்வது? எஞ்சிய வழி, நாம் ஒன்றென எண்ணியது ஒன்றன்று என்பது. மேற்காட்டிய வாய்பாட்டை இங்கே பொருத்திப் பார்ப்போம். 71 வியாழன் நிறையை இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொரு பாதியும் முழுமையின் ஆறில் ஒரு பங்கே ஒளிரும். இரண்டையும் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்குதான். நிறை குறையாமலே ஒளி குறைந்துவிடுகிறது. எனவேதான் பிராண்ட் குழுவினரும், பின்னர் அதன் வளிமண்டலத்தை ஆராய்ந்த பிறரும், கண்ணுக்குப் பிரியாத இரட்டையாக இருக்கலாம் என்று குறித்தனர். ஹப்பிள் தொலைநோக்கியிலும் பிற பெருந்தொலைநோக்கிகளிலும் கால் நூற்றாண்டாகப் பார்க்கப்பட்டு வந்த ஒரு பொருளைப் பற்றி இவ்வாறு கூறுவதற்குத் துணிவு வேண்டும்.

2024 அக்டோபரில் விடை வெளியாயிற்று. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜெர்ரி ஷுவானும் உடன் ஆய்வாளரும், சிலி நாட்டின் பாரனால் மலையிலுள்ள நான்கு பெருந்தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கிராவிட்டி என்னும் கருவியால் அதனை நோக்கினர். ஒற்றைத் தொலைநோக்கிக்குப் புள்ளியாகத் தெரிந்தது அங்கு இரண்டாகப் பிரிந்தது. வேறொரு கருவியில் அதன் நிறமாலைக் கோடுகள் இரண்டாகப் பிளந்து முன்னும் பின்னும் அசைவதும் தெரிந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் வைட்புக் தலைமையிலான குழுவினர் கெக் தொலைநோக்கியின் நிறமாலைகளைக் கொண்டு, தனி வழியில், அதே முடிவிற்கு வந்தனர்.

அவ்விரண்டின் நிறைகள் ஏறத்தாழ 38, 34 வியாழன். 12.1 நாளில் ஒரு சுற்று. இடைத்தொலைவு 0.042 வானியல் அலகு. அஃதாவது பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவைப்போல் 16 மடங்கு. வாசகர்கள் தாமே சரிபார்க்கலாம். 0.042இன் மும்மடி 0.000074. 12.1 நாள் என்பது 0.0331 ஆண்டு, அதன் இருமடி 0.0011. வகுத்தால் 0.067, அதனை 1047ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 71 வியாழன். இருநூறாண்டுச் சுற்றின் ஒரு சிறு வளைவிலிருந்து பெற்ற நிறையும், பன்னிரு நாள் சுற்றிலிருந்து பெற்ற நிறையும் ஒன்றாகவே அமைகின்றன. அளவீடு பிழைக்கவில்லை. தனித்தனி நிறைக்குரிய ஒளிர்வும் கோட்பாட்டோடு இணங்குகிறது. அவ்வாறாயின் கோட்பாடும் பிழைக்கவில்லை. எண்ணிக்கையே பிழைத்திருந்தது.

பி.பி.எல். 15, கிளீஸ் 569 பி, எப்சிலான் இண்டி பி, கிளீஸ் 229 பி என்று ஒன்றென அறியப்பட்டவை இரண்டாகிய வரிசையை இங்கு மீண்டும் நோக்குதல் தகும். முதல் மூன்றும் இயல்பான நோக்கில் பிரிந்தன. நான்காவதை மட்டும் கோட்பாட்டோடு நேர்ந்த முரண்பாடே பிரித்துக் காட்டியது. குளிர்ச்சிக் கோட்பாட்டைச் சோதிப்பதற்கென அளக்கப்பட்ட நிறை, இறுதியில் அக்கோட்பாட்டையே ஆய்வுக் கருவியாக்கிவிட்டது. இதனைக் கோட்பாட்டின் வெற்றி என்று மட்டும் கொள்வதில் நமக்குத் தயக்கம் உண்டு. ஓரியனின் இரட்டையும் எச்.டி. 130948இன் இரட்டையும் எழுப்பிய வினாக்களைக் கிளீஸ் 229 பி தீர்த்துவைக்கவில்லை. ஒளிர்வு மிகுந்து தோன்றும் பொருளை இரண்டாகப் பகுத்தால் முரண் இன்னும் பெருகுமேயன்றிக் குறையாது. எண்ணிக்கையைத் திருத்துதல் ஒருபக்க மருந்தே.

மேலும், இம்முடிவு புதியதொரு வினாவைப் பெற்றெடுத்துள்ளது. நிறையில் ஏறக்குறைய ஒத்த இரு பழுப்புக் குறுமீன்கள், நடுவே பன்னிரு நாள் சுற்று, வெளியே நீண்டு நெளிந்த பாதையில் இருநூறாண்டுக்கு மேற்பட்ட சுற்று என்னும் இவ்வமைப்பு எவ்வாறு உருவாகியிருக்கும் என்பது ஆய்வில் உள்ளது.

இத்தகைய முரண்பாட்டை உடைய பொருள் இஃது ஒன்றே அன்று. எச்.டி. 4113 என்னும் விண்மீனின் துணையொன்றை ஜெனீவா வானியலார் 2018இல் படம்பிடித்து அறிவித்தனர். ஒளிர்வைக் கொண்டு கோட்பாடு தரும் நிறை 36 வியாழன். ஈர்ப்பைக் கொண்டு அவர்கள் அளந்த நிறை 66. கிளீஸ் 229 பியின் விடை வருவதற்கு ஆறாண்டு முன்னரே, அதனை அறிவித்தவர்கள் அங்கும் இரண்டு இருக்கலாம் என்று எழுதி வைத்திருந்தனர்.